ஸ்காட்லாந்து கோல்ஃப் விடுமுறை: பேக்கேஜ் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறை, ஆட்டம், சாப்பாடு மூன்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கித் தரும் சொகுசு கோல்ஃப் பேக்கேஜ்களை வாங்குகிறவர்களில் பலர், முதலில் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்து, பிறகு தேதியைக் குறித்து, கடைசியில்தான் எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு ஆட்டம் என்று விசாரிக்கிறார்கள். ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். அங்கே புகழ்பெற்ற மைதானம் ஒருவருக்குச் சொந்தமாகவும், அதன் ஓரத்தில் நிற்கும் ஹோட்டல் இன்னொருவருக்குச் சொந்தமாகவும் இருப்பது சாதாரணம். ஆகவே டீ டைம் (ஆட்டத்தைத் தொடங்க ஒதுக்கப்படும் நேரம்) உறுதியான பிறகே அறையையும் இரவு உணவையும் உறுதி செய்ய வேண்டும்.

இதற்கு ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸை விடத் தெளிவான சான்று கிடையாது. அங்குள்ள ஓல்டு கோர்ஸ் ஹோட்டல், ஓல்டு கோர்ஸ் மைதானத்தின் உலகப் புகழ்பெற்ற 17-வது குழியான ரோடு ஹோலை ஒட்டியே நிற்கிறது. அறை ஜன்னலைத் திறந்தால் மைதானம் தெரியும். பெயரும் அதுவே, காட்சியும் அதுவே என்பதால், அங்கே தங்கினாலே ஓல்டு கோர்ஸில் ஆடலாம் என்று நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஓல்டு கோர்ஸ் பொது நிலத்தில் உள்ளது. செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் அதை நிர்வகிக்கிறது. ஹோட்டலுக்குச் சொந்தமான மைதானம் ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் உள்ள டியூக்ஸ் கோர்ஸ். அது நல்ல மைதானம்தான், ஆனால் கடலோர மணற்பரப்பில் ஆடும் லிங்க்ஸ் ஆட்டத்தை அது தராது. டிரஸ்டிடமே ஓல்டு, நியூ, ஜூபிலி, ஈடன், ஸ்ட்ராத்டைரம், பால்கோவ், காசில் என ஏழு மைதானங்கள் இருப்பதால், பேக்கேஜில் ‘செயின்ட் ஆண்ட்ரூஸில் இரண்டு ரவுண்ட்’ (ரவுண்ட் என்பது ஒரு முழு ஆட்டம்) என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த மைதானம் என்று பெயர் குறித்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1895-இல் திறக்கப்பட்ட நியூ கோர்ஸ் கிடைத்தால் ஏமாற்றமடைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. அது கிடைக்கும் என்று முன்பே தெரிந்து செல்வதுதான் முக்கியம்.

ஓல்டு கோர்ஸில் இடம் பெற நேர்மையான வழிகள் சில உண்டு. டிரஸ்டிடம் முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம். டிரஸ்ட் அங்கீகரித்த பயண நிறுவனங்களிடம் உறுதி செய்யப்பட்ட டீ டைமோடு பேக்கேஜ் வாங்கலாம், அதற்கு விலை கணிசமாகக் கூடும். அல்லது ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு நடக்கும் குலுக்கலில் இரண்டு முதல் நான்கு பேர் கொண்ட குழுவாகப் பெயர் கொடுக்கலாம். குலுக்கலில் பெயர் வரலாம், வராமலும் போகலாம். எனவே பணம் திரும்பக் கிடைக்காத அறையை அதை நம்பிப் பதிவு செய்வது பெருந்தவறு. குலுக்கலை நம்பிச் செல்வதென்றால் ஒரே நாளைக் குறிவைக்காமல், திங்கள் முதல் வியாழன் வரை தங்கி ஒவ்வொரு நாளும் பெயர் கொடுங்கள். மற்ற மைதானங்களின் பதிவுகளை, நேரம் மாற்றிக்கொள்ளும் வசதியோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஓல்டு கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்று ஊர் மக்கள் அந்தப் புல்வெளியில் நாய்களோடு உலாவுவார்கள். வெள்ளி மாலை வந்து ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டமிடுகிறவருக்கு மீதமிருப்பது சனிக்கிழமை ஒன்றே. உங்கள் கிளப் தரும் செல்லுபடியாகும் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது இல்லையென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்தே திரும்ப நேரிடும்.

பெர்த்ஷயரில் 1924-இல் திறக்கப்பட்ட கிளெனீகிள்ஸில் நிலைமை வேறு. கிங்ஸ், குயின்ஸ், பி.ஜி.ஏ. சென்டினரி ஆகிய மூன்று மைதானங்களும் ஹோட்டலுடையவையே என்பதால், அங்கே பேக்கேஜ் என்பது சொல்லுக்கேற்ற பேக்கேஜாக இருக்கும். அங்கே நேரும் தவறு, 2014-இல் அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதிய ரைடர் கோப்பை நடந்த இடம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லா ரவுண்டையும் சென்டினரியிலேயே வைத்துக்கொள்வது. ஜேம்ஸ் பிரெய்டு வடிவமைத்த கிங்ஸ் கோர்ஸை விட்டுவிட்டு வருவது வருத்தத்துக்குரியது. சாப்பாட்டிலும் கவனம் தேவை. அந்த வளாகத்திலேயே உள்ள ஆண்ட்ரூ ஃபேர்லி உணவகம் இரண்டு மிஷெலின் நட்சத்திரங்கள் பெற்றது, இரவு உணவு மட்டுமே தருவது. ‘இரவு உணவு உட்பட’ என்ற சொற்களை வைத்து, அத்தகைய உணவகமும் அதில் அடங்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த உணவகம், எத்தனை பவுண்டு வரை, மதுவுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெறுங்கள்.

உணவும் ஆட்டமும் மோதிக்கொள்வதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. வெளிச்சம் நிறைய இருக்கிறதே என்று மாலை நான்கு மணிக்கு டீ டைம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் நடந்து ஆடி முடிக்க நாலரை மணி நேரம் ஆனால் எட்டரை. குளித்து உடை மாற்றி உணவறைக்கு வரும்போது ஒன்பது. ஊர்ப்புறத்து ஹோட்டல்கள் பலவற்றில் அந்த நேரத்துக்குச் சமையலறை கடைசி ஆர்டரையும் எடுத்து முடித்திருக்கும். மூன்று வகை உணவுக்குப் பணம் கட்டியவர்கள் அறையில் சாண்ட்விச் தின்பார்கள். காலை உணவு ஏழு மணிக்குத் தொடங்க, டீ டைமும் ஏழு மணிக்கே இருப்பது இதே கதையின் மறுபக்கம். முந்தைய நாளே சொல்லிவைத்தால் பொட்டலமாகக் கட்டித் தரும் இடங்கள் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பதிவின்போதே எழுதித் தெரிவிப்பது நல்லது, ஏனெனில் பேக்கேஜில் அடங்கும் குறிப்பிட்ட மெனுவில் சைவத் தேர்வு ஒன்றிரண்டுக்கு மேல் இருக்காது.

விலையை எப்போதும் பிரித்துப் பாருங்கள். அறை ஓர் இரவுக்கு 400 பவுண்டு, ரவுண்ட் ஒன்றுக்கு 180, இரவு உணவு 70 என்று ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இரண்டு இரவு, இரண்டு ரவுண்ட், இரண்டு இரவு உணவு தம்பதியருக்குத் தனித்தனியாக 1,800 ஆகும். பேக்கேஜ் தலைக்கு 850 என்றால் 1,700, நூறு பவுண்டு மிச்சம். ஆனால் இருவரில் ஒருவர் ஆடாதவர் என்றால் தனித்தனிச் செலவு 1,440 மட்டுமே. அதே பேக்கேஜ் 260 பவுண்டு நஷ்டம். ஆடாதவருக்குத் தனி விலை உண்டா என்று கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். கேட்காமல் கிடைக்காது. விளம்பர விலை பெரும்பாலும் இருவர் ஓர் அறையைப் பகிர்வதை வைத்தே போடப்படுவதால், தனியாகச் செல்பவர் கூடுதல் தொகைக்குத் தயாராக இருக்க வேண்டும். பையைச் சுமந்து ஆட்டத்துக்கு உதவும் கேடிக்கான கூலியும் அன்பளிப்பும் அநேகமாகப் பேக்கேஜுக்கு வெளியே, ரொக்கமாக அவர் கையில் கொடுக்க வேண்டியவை. ஓல்டு கோர்ஸில் நடந்துதான் ஆட வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தாலன்றி பக்கி (மைதானத்துக்குள் ஓட்டும் சிறு வண்டி) கிடையாது என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் குளிர்காலப் பேக்கேஜ்களில் ஆசை வைப்பதற்கு முன், டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்குள் இருட்டிவிடும் என்பதையும், குளிர் மாதங்களில் ஓல்டு கோர்ஸின் ஃபேர்வேயில் (குழி வரை செல்லும் வெட்டிய புல்பாதையில்) புல்லைக் காக்கச் சிறு விரிப்பின் மேல் பந்தை வைத்தே அடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் விலைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே நியாயமான சமரசம். 2027-இல் கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான ஓப்பன் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடக்க இருப்பதால், அந்தக் கோடையில் அங்கே செல்ல நினைப்பவர்கள் மைதானம் மூடப்படும் நாட்களை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் பணம் திரும்பாது. மைதானமே மூடப்பட்டால் என்ன தருவார்கள் என்பதை ரத்து விதிகளில் தேடிப் படியுங்கள்.

போக்குவரத்தும் திட்டத்தின் ஒரு பகுதியே. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 1969-லிருந்து ரயில் கிடையாது; லூகார்ஸ் நிலையத்தில் இறங்கி டாக்ஸியிலோ பேருந்திலோ செல்ல வேண்டும். நால்வர் சேர்ந்து சாதாரணக் காரை வாடகைக்கு எடுத்தால் நான்கு கோல்ஃப் பைகளும் பெட்டிகளும் டிக்கியில் அடங்காது. வேனாகவே பதிவு செய்யுங்கள். இந்தியாவிலிருந்து விமானம் மாறி எடின்பரோவில் இறங்கும் நாளில் எந்த ரவுண்டையும் வைக்காதீர்கள். பைகள் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்வது அரிதல்ல என்பதால், பேக்கேஜில் முதல் நாள் பிற்பகலில் ஒரு ரவுண்ட் சேர்த்திருந்தால், அதைக் கிளம்பும் நாள் காலைக்கு மாற்றித் தரும்படி பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.