தொப்பூர் இறக்கத்துக்கு காரின் பிரேக்கைத் தயார் செய்வது எப்படி

பெங்களூரிலிருந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையில் சேலம் நோக்கி வரும்போது, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சுமாரான பிரேக்கே போதும். தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் கிலோ எடையுள்ள காரை 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக்கில் ஏறும் வெப்பம் சுமார் 386 கிலோஜூல். அதே கார் வேகம் கூடாமல் 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 980 கிலோஜூலை எங்காவது கரைத்தாக வேண்டும். அதாவது, 100 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டரை முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி பிரேக்குக்கு.

ரேஸ் ஓட்டுபவர் வளைவுக்கு முன் அழுத்தமாக, குறைந்த நேரம் மிதித்து, காலை எடுத்துவிடுவார். அடுத்த நேர்ப்பாதையில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். நம் ஆட்கள் இறக்கம் முழுக்க பெடலில் காலை லேசாக வைத்தே வருவார்கள். பிரேக்கைக் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் மெத்தென்று தரை வரை போனால் மிதிப்பின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டது. இரண்டாவதுதான் ஆபத்து அதிகம், ஆனால் தடுப்பதற்குச் செலவு குறைவு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். டாட் 3 என்றால் 205, 140. ஓடியது குறைவென்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சீல் திறந்து அலமாரியில் கிடக்கும் பழைய டப்பா வேண்டாம்.

மாற்ற ஒரு லிட்டர் டாட் 4, சக்கரத்தருகே ஆயிலை வெளியேற்றும் திருகான நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், ஒளி ஊடுருவும் குழாய், பாட்டில், சிரிஞ்ச், ஜாக் ஸ்டாண்ட், உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். பிரேக் ஆயில் டேங்கில் உள்ள பழையதை சிரிஞ்சில் உறிஞ்சி புதியதை ஊற்றுங்கள். பெரும்பாலான கார்களில், பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வரலாம். உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். உதவியாளர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்திவிட்டால் காற்று உள்ளே போகும். குழாயில் தெளிவான ஆயில் வந்து குமிழி நிற்கும் வரை தொடருங்கள். டேங்க் நடுவில் காலியாகக் கூடாது. காலியாகி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போனால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். பழைய காரில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள், மாஸ்டர் சிலிண்டரின் துருப்பகுதியில் சீல் உரசிக் கிழியும். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பேட் 3 மி.மீ. ஆனதும் மாற்றுங்கள். புதியதைப் போட்டதும் அப்படியே கணவாயில் இறக்கக் கூடாது. ஆளில்லா நீளமான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15க்கு, நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை குறைத்து, பிறகு சில நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பாதி வழியில் வேகம் பிடித்தபின் குறைப்பது தாமதம். பொதுவாக மூன்றாவது கியர். வேகம் தானாக ஏறினால் இரண்டு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்கு (ஐடில்) எரியும். கணக்கே தலைகீழ்! எஞ்சினை அணைத்து இறங்குவதோ தற்கொலை: இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, மிதிப்புக்கு வலு சேர்க்கும் பூஸ்டரின் உதவி போய்விடும், பவர் ஸ்டியரிங்கும் கனமாகும். முன்னால் லாரியை ஒட்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் லாரி வேகமாக நெருங்குவது கண்ணாடியில் தெரிந்தால் ஒதுங்க இடம் பாருங்கள்.

கார் ஆசைக்காரர்கள் பெரிய காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), துளையிட்ட டிஸ்க் என்றே முதலில் செலவு செய்கிறார்கள். சக்கரத்தை நிறுத்துவது பிரேக், வண்டியை நிறுத்துவது டயர். பணம் போகவேண்டிய வரிசை: ஆயில், நல்ல டயர், தரமான பேட், பிறகு பிரேக் ஆயில் போகும் ஸ்டீல் பின்னல் ஹோஸ். ரேஸ் பேட் வீட்டுக் காருக்கு வேண்டாம். குளிர்ந்த நிலையில் அது சரியாகப் பிடிக்காது. எடை குறைந்த காருக்குப் பிரேக் வேலையும் குறைவு, மைலேஜும் கூடும். வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் பகை இல்லை. டிக்கியில் தேவையில்லாத மூட்டைகளை இறக்கிவிட்டுப் புறப்படுவதே முதல் டியூனிங்.

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தியதும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் விரிசல் விடலாம். தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்: முன் சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் தகித்தால், அந்தக் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும்.