இட்டேரித் தூசியும் காரின் ஏர் ஃபில்டரும்

எங்கள் சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, தார் ரோட்டுக்கு வர முக்கால் கிலோமீட்டர் இட்டேரி, இருபக்கமும் வேலி வைத்த மண் தடம். மாசி, பங்குனியில் முன்னால் ஒரு டிராக்டர் போனால் பின்னால் வரும் காருக்குத் தடமே தெரியாது. இட்டேரி முடிகிற இடத்தில் தென்னை நார் மில். மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது பறக்கிற பழுப்புத் தூள் வேலியிலும் காயப்போட்ட சேலையிலும் படிந்து கிடக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்ததுதான். அந்தத் தூளைத்தான் காரும் மூச்சாக இழுக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். 35 லிட்டர் டேங்க் தீர்வதற்குள் 3 லட்சம் லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போகிறது. அத்தனையையும் வடிகட்டுவது மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு காகிதம், அதுதான் ஏர் ஃபில்டர். அது அடைத்தால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். கிழிந்தால் இன்னும் கெடுதல்: மண் உள்ளே போய் சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும்.

எனக்கு இரண்டும் நடந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் வண்டி இழுக்கவில்லை. ஏசியை நிறுத்தி, இரண்டாம் கியரிலேயே போய்ச் சேர்ந்தோம். ஊர் திரும்பி ஒரு ஷெட்டில் காட்டியபோது, ஃபில்டரை வெளியே எடுத்து கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் அடித்து, அதையே மாட்டிக் கொடுத்தார்கள். வண்டியும் நன்றாக இழுத்தது. ஒரு மாதம் கழித்து நானே திறந்து பார்த்தேன். ஒரு மடிப்பில் விரல் நீளத்துக்குக் கிழிசல். என்ஜினுக்குப் போகிற குழாயின் உள்பக்கத்தைத் தடவினால் விரலில் செம்மண். அன்றிலிருந்து இந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை. “ஏனம்மணி, ஷெட்டுல உட்டா அவனே மாத்தித் தருவானே?” என்று மாமனார் கேட்டார். திறந்து காட்டினேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

முதலில் சரியான ஃபில்டரை வாங்குங்கள். காரின் பெயர், வருஷம், பெட்ரோலா டீசலா, மூன்றையும் கடையில் சொல்ல வேண்டும். “என்ஜின் ஏர் ஃபில்டர்” என்று அழுத்திச் சொல்லுங்கள். வெறும் ஃபில்டர் என்றால் ஏசிக்குப் போடுவதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு, பெரும்பாலும் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும்.

நான் காலையில் வெள்ளென, என்ஜின் ஆறியிருக்கும்போது, காற்று கிளம்புவதற்கு முன் செய்வேன். பானெட்டைத் திறந்ததும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் தடித்த குழாயும் தெரியும். பெட்டியின் மூடி சில வண்டிகளில் கிளிப்பில் நிற்கும், சிலவற்றில் ஸ்க்ரூவில். திறப்பதற்கு முன்பே மூடியின் மேலிருக்கும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மூடியிலோ குழாயிலோ சென்சார் ஒயர் மாட்டியிருந்தால் ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிளக்கின் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூவை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். என்ஜின் சந்தில் விழுந்தால் அரை நாள் போய்விடும்.

பழைய ஃபில்டரை நேராக மேலே தூக்குங்கள். சாய்த்தால் அதிலிருக்கும் மண் பெட்டிக்குள்ளேயே கொட்டும். எடுத்ததும் என்ஜினுக்குப் போகும் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு, பெட்டியை ஈரத்துணியால் துடையுங்கள். ஊதாதீர்கள். தோட்டத்தில் நிற்கிற வண்டியென்றால் மூலையையும் பாருங்கள்; எலியும் அணிலும் நாரைக் கொண்டுவந்து கூடு கட்டும். எங்கள் பெட்டியில் ஒருமுறை இரண்டு கைப்பிடி நார் இருந்தது.

பழைய ஃபில்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மடிப்புகளில் பரவலாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். தெரியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம், கிழிசல் எது இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது, தரையில் ஓங்கித் தட்டவும் கூடாது. கட்டாயம் ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் குறைந்த அழுத்தத்தில், தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக. ஒரு சின்னக் காரின் ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். அதற்காக என்ஜினைப் பணயம் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

புதியதை வைக்கும்போது சுற்றியிருக்கும் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். வேலையில் முக்கியமான இடம் இதுதான். ஒரு மூலை தூக்கியிருந்தாலும் தூசி அந்தச் சந்து வழியாகப் போய்விடும், ஃபில்டர் போட்டும் போடாத மாதிரிதான். குழாயில் வைத்த துணியை எடுத்தீர்களா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள். எதிரெதிர் மூலையாகக் கிளிப்பை மாட்டி, சென்சார் பிளக்கைச் செருகி, வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். உஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்டாலோ, என்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, மூடியையும் பிளக்கையும் மறுபடி பாருங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? சின்னக் கார்களின் கையேட்டில் 40,000 என்றெல்லாம் இருக்கும். அது நல்ல ரோட்டுக்கான கணக்கு. தூசித் தடத்தில் ஓடினால் சீக்கிரமே பார்க்கச் சொல்லி அதே கையேட்டில் இருக்கும். மைலேஜ் குறையட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். இன்றைய பெட்ரோல் கார்களில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும், இழுவைதான் முதலில் போகும். நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து டார்ச் அடிக்கிறேன். சோமனூர், பல்லடம் பக்கம் பஞ்சு பறக்கிற இடத்தில் ஓட்டுபவர்களும் அப்படியே பார்க்கலாம். மாற்றிய தேதியையும் மீட்டரையும் மூடியின் மேல் மார்க்கரில் எழுதிவிடுகிறேன். எங்கள் மூடியில் இப்போது நான்கு வரி இருக்கிறது.