புதுக்குதிரைக்குப் பக்கவாட்டில் திரும்பக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சவாரிக்குப் புதிதாகப் பழகும் குதிரையின் மேல் ஏறி இடது கடிவாள வாரை இழுத்தால், அது இடப்பக்கம் திரும்பிவிடும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். அந்த இழுப்புக்கு என்ன பொருள் என்று குதிரைக்கு இன்னும் தெரியாது. வாயில் ஏதோ அழுத்துகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். என்ன செய்தால் அந்த அழுத்தம் நீங்குகிறது என்று தேடித் தேடித்தான் அது கற்றுக்கொள்கிறது.

ஆகவே, மிகப் பெரிய தவறு வாரைத் தளர்த்தத் தாமதிப்பதே. குதிரை மூக்கை ஒரு விரற்கடை திருப்பி, முன்காலை அந்தப் பக்கமாக எடுத்து வைக்கத் தொடங்கும்போதே நம் விரல்கள் இளக வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டு, அது எரிச்சலில் தலையை உதறும்போது வாரை விட்டுவிட்டால், தலையை உதறினால் வாய்க்கு விடுதலை கிடைக்கும் என்பதையே அது பாடமாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் குதிரையை முரடு என்று திட்டுவது நியாயமே இல்லை.

திரும்பாத குதிரையை இன்னும் பலமாக இழுப்பது அடுத்த தவறு. அப்போது கழுத்து வில்லாக வளைந்து, மூக்கு நம் முழங்காலுக்கு அருகே வந்துவிடும். உடலோ வெளிப்பக்கத் தோளின், அதாவது திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கத் தோளின், வழியே பழைய திசையிலேயே நழுவிக்கொண்டிருக்கும். தலை திரும்பியதைக் குதிரை திரும்பியதாக எண்ணி ஏமாறக் கூடாது. திருப்ப வேண்டியது தோள்களை. உட்பக்கக் கையைப் பின்னால் இழுக்காமல், கதவைத் திறப்பதுபோல் பக்கவாட்டில் விலக்க வேண்டும். வெளிப்பக்க வார் கழுத்து அளவுக்கு மீறி வளையாதபடி அணைகட்ட, வெளிப்பக்கக் கால் உடலை உள்நோக்கி அணைக்க வேண்டும். நம் பார்வையும் போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் நாம் குனிந்து குதிரையின் காதுகளையே பார்த்திருந்தால் நம் எடையும் முன்பக்கம் சாய்ந்து, அதன் தோள்களுக்குச் சுமையாகிவிடும். தொடக்கத்தில் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டமே போதும். சமநிலை வராத குதிரையைச் சிறு வட்டத்தில் சுற்றவிட்டால் கால்களுக்கு வீண் சிரமம்.

நின்றுகொண்டிருக்கும் அல்லது தயங்கித் தயங்கி நடக்கும் குதிரையைத் திருப்ப முயல்வதும் வீணே. ஓடாத படகில் சுக்கானைத் திருப்பி என்ன பயன்? முதலில் அது நம் கால் சைகை காட்டியதும் முன்னோக்கி நடக்கப் பழகட்டும். அந்தச் சைகையையும் ஒவ்வோர் எட்டுக்கும் விலாவில் உதைத்து உதைத்துத் தேய்த்துவிடக் கூடாது. ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் பிராணி அது. மென்மையாக ஒருமுறை கேட்டு, பதில் இல்லையென்றால் சற்று உறுதியாகக் கேட்டு, பதில் வந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். காலால் ‘போ’ என்றும் கையால் ‘நில்’ என்றும் ஒரே நேரத்தில் சொன்னால், பாவம், அது எதைத்தான் கேட்கும்?

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று வரும் குதிரைகளிடம் இதில் கூடுதல் கவனம் வேண்டும். வார் இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓடப் பழகியவை அவை. நிறுத்துவதற்காக நாம் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால், வேகத்தைக் கூட்டவே வாய்ப்பு அதிகம்.

எல்லாம் சரியாகச் செய்தும் குதிரை ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுத்தால், பிடிவாதம் என்று முடிவு கட்டுமுன் வாயைத் திறந்து பாருங்கள். கடிவாளக் கம்பி தங்குவது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே உள்ள பல்லில்லாத ஈறின் மேல். அங்கே எலும்பை மூடியிருப்பது மெல்லிய சதைதான். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பற்களின் முன்னால் ஒரு சிறு பல் முளைத்திருக்கும். அதில் கம்பி படும்போதெல்லாம் வலிக்கலாம். கால்நடை மருத்துவர் பற்களையும், சேணம் அழுத்தும் முதுகையும் பார்த்துச் சொல்லும்வரை, அந்தப் பக்கம் திருப்பும் பயிற்சியை நிறுத்தி வையுங்கள்.