கனடாக் குடியுரிமை: கல்யாண எழுத்து முதல் சத்தியப்பிரமாணம் வரை

கனடா சிற்றிசன் (குடியுரிமை பெற்றவர்) ஒருவரைக் கட்டியவுடன் நாமும் சிற்றிசன் என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கல்யாணம் தருவது நிரந்தர வதிவிடத்துக்கான, அதாவது பி.ஆருக்கான வழியை மட்டும்தான். குடியுரிமையை அங்கே வாழ்ந்துதான் எடுக்க வேண்டும்.

1. எழுத்து

கோயிலில் தாலி கட்டினால் ஊருக்குப் போதும், விண்ணப்பத்துக்குப் போதாது. விவாகப் பதிவாளர் முன் எழுத்து, அதாவது சட்டப்படியான கல்யாணப் பதிவு, முடிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ரொறொன்ரோவில், பொம்பிளை பரந்தனில் என்று வீடியோவில் நடக்கும் கல்யாணத்தை 2015இலிருந்து கனடா ஏற்பதில்லை.

கையெழுத்துப் போட முன் பெயர்களைப் பாருங்கள். ஒரு பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் ஒரு எழுத்துக் குறைவு என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். இடப்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால், பிறப்புப் பதிவான இடத்துப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

2. ஸ்பொன்சர்

கனடாவில் உள்ள கணவரோ மனைவியோ ஸ்பொன்சர் செய்வார், அதாவது உங்கள் பொறுப்பை ஏற்று உங்களை அழைப்பார். கல்யாணம் உண்மையானதா என்றுதான் அதிகாரி முதலில் பார்ப்பார். ஸ்டூடியோவில் இருவர் மட்டும் நிற்கும் படங்களைவிட, பந்தியில் மாமா, மாமியோடு இருக்கும் படம் அதிகம் பேசும். நீங்கள் இருவரும் பேசிய அழைப்பு, செய்திப் பதிவுகளையும் சேருங்கள்.

பொலிஸ் சான்றிதழ் இலங்கைக்கு மட்டுமல்ல. 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டும். தமிழ்நாட்டு முகாமில் இருந்து திரும்பியவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், வன்னியில் யாரும் சத்தமாகப் பேசாத கேள்வி. படை, ஆயுதக் குழு எதிலாவது இருந்தீர்களா என்று படிவம் கேட்கும். கனடா புலிகளை 2006இல் தடை செய்தது. வீட்டுக்கு ஒருவர் என்று பிடிபட்டுப் போயிருந்தாலும், "இல்லை" என்று எழுதச் சொல்லும் தரகரின் பேச்சைக் கேட்காதீர்கள். பொய் பிடிபட்டால் 5 ஆண்டுத் தடை. குடியுரிமை கிடைத்த பிறகு தெரியவந்தால் அதையும் பறிக்கலாம். அப்படிப்பட்ட கதை உள்ளவர்கள் படிவத்தைத் தொட முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

3. பி.ஆர். கிடைத்த பின்

"சொன்னபடி கேட்காவிட்டால் ஸ்பொன்சரை வாபஸ் வாங்கித் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். பி.ஆர். கிடைத்த பிறகு அது நடக்காது. இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2017இல் எடுபட்டுவிட்டது. உண்மையான கல்யாணமாக இருந்தால், பிரிந்தாலும் பி.ஆர். போகாது. ஸ்பொன்சர் செய்தவர்தான் 3 ஆண்டுகளுக்கு உங்கள் அடிப்படைச் செலவுக்குப் பொறுப்பு.

4. நாள் கணக்கு

குடியுரிமை விண்ணப்பத்துக்கு முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். துணை சிற்றிசன் என்பதற்காக ஒரு நாளும் குறையாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து ஊரில் நின்ற நாட்கள் கணக்கில் வராது. போன நாள், வந்த நாளைக் கொப்பியில் குறித்துவையுங்கள். பி.ஆருக்கு முன் அங்கே சட்டப்படி தங்கிய நாள் அரை நாளாகச் சேரும். வருமான வரிப் படிவமும் சரியாகப் போட்டிருக்க வேண்டும்.

5. குடியுரிமைச் சோதனை

18 முதல் 54 வயதுவரை உள்ளவர்களுக்குத்தான். 20 கேள்வி, 15 சரியானால் போதும். அரசின் இலவசக் கையேடே பாடநூல். ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வேண்டும்.

6. குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு முன்

கனடா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இலங்கைச் சட்டப்படியோ, நீங்களாக விரும்பி வேறு குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். அதனால் அதைத் தக்கவைக்கும் விண்ணப்பத்தை முன்கூட்டியே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கொடுங்கள். பிந்திவிட்டால் மீளப்பெற விண்ணப்பிக்கலாம். சீதனக் காணி இன்னும் உங்கள் பெயருக்கு எழுதப்படாமல் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்: 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகள் தவிர, வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது.