உயர்ந்த மலைப்பாதையில் ஒரு நாள் நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

பை கட்டுவதற்கு முன்னால், எத்தனை மணிக்குத் திரும்பப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். உச்சியைத் தொட்டாலும் பாதி வழிதான் முடிந்திருக்கும். அதன்பின் களைத்த கால்களோடு இறங்க வேண்டும்.

1. நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். போக 5, வர 5 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால் மூன்றரை மணி நேரம் வரும். இது நல்ல பழக்கமுள்ளவர் நிற்காமல் நடக்கும் வேகம். காற்று மெலிந்த உயரத்தில், புதிதாக நடப்பவர் பாதியளவாவது கூட்டிக்கொள்ள வேண்டும். ஓய்வும் சேர்த்தால் ஆறு மணி நேரம்.

காலை 6 மணிக்கே கிளம்பச் சொல்வது இதற்காகத்தான். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலெழும்பி, மதியத்துக்குமேல் இடிமேகமாகத் திரளும். திரும்பும் நேரம் 11 என்று எழுதியிருந்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் 11-க்குத் திரும்பிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். மலை அங்கேயேதான் இருக்கும், இன்னொரு நாள் வரலாம். அந்தத் தாளைப் பாதையின் பெயரோடு வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

2. உயரத்துக்கு உடம்பைப் பழக்குங்கள்

3,000 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் மலைநோய், அதாவது ஆக்சிஜன் குறைவால் வரும் தலைவலியும் குமட்டலும், வரலாம். தினமும் ஓடுகிறவருக்கும் விலக்கு இல்லை. முடிந்தால் முந்தைய ஒன்றிரண்டு இரவுகள் மலையின் நடு உயரத்தில் தங்குங்கள்.

3. பை

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். அதனால் ஒரே தடிமனான கோட்டைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்றும் மழைக்கோட்டும் மேல். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாமல் குளிரை உடம்போடு ஒட்டவைக்கும். தண்ணீர், தீனி, வரைபடம், விசில், தலையில் மாட்டும் டார்ச் எல்லாம் பகல் நடைக்கும் வேண்டும். மேலே போகப்போகப் புற ஊதாக் கதிர் கூடுவதால் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன்.

4. நடக்கும் வேகம்

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். செங்குத்தில் சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது ஒரு மிடறு குடியுங்கள். நின்று பார்க்கவும் நேரம் வைத்திருங்கள். மரங்கள் குட்டையாகி, ஓரிடத்தில் முற்றிலும் நின்றுபோய், வெறும் புல்லும் பாறையும் வானமுமாகத் திறக்கும் அந்த எல்லையை அவசரமாகக் கடக்காதீர்கள்.

5. எப்போது இறங்குவது

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ சேர்ந்தால் மேலே ஏறவே கூடாது. ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் இறங்குங்கள். ஒருவர் தள்ளாடினாலோ, உளறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ அது உயிருக்கே ஆபத்து. தனியே அனுப்பாமல் கூடவே உடனே இறக்கி, மருத்துவ உதவி தேடுங்கள். இடிச்சத்தம் கேட்டால் முகட்டிலிருந்து கீழே வாருங்கள். ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

வழி தவறினால் அங்கேயே நின்று நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுங்கள். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடியும் ஊதுங்கள். ஆல்ப்ஸ் மலையில் வழங்கிவரும் உதவிக் குறி இது.

6. இறக்கம்

ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்து, ஊன்றுகோலைச் சற்று நீட்டிப் பிடித்து, சரளைக்கல்லில் பாதம் முழுக்கப் பதிய இறங்குங்கள். கீழே வந்ததும், குளிப்பதற்கு முன்னாலேயே, தாள் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு வந்துவிட்டதைச் சொல்லிவிடுங்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.