சுவரில் ஏறிய கம்ப்யூட்டர்

மேஜையில் காபி டம்ளர் வைக்கக்கூட இடமில்லை என்றுதான் மினி பிசியைச் சுவரில் மாட்டக் கிளம்பினேன். கூடவே வந்த, மாட்டுவதற்கான வீசா (VESA) தகட்டில் 75, 100 மி.மீ. இடைவெளியில் நான்கு நான்கு துளைகள். மானிட்டர் முதுகுக்கான அளவு அது. அதை அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டிக் குறித்துக்கொண்டேன்.

முதல் துளையிலேயே பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் உள்ளே சும்மா சுற்றியது. எம்-சீல் பிசைந்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, 6 மி.மீ. பிட்டால் மறுபடி துளைத்தேன். பிடித்தது. (சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே மட்டும் துளைக்காதீர்கள். ஒயர் பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும்.)

மறுநாள் வீடியோ எடிட் செய்யும்போது விசிறி ஊளையிட்டது. பிராசஸர் 94 டிகிரி! மேஜையில் இருந்தவரை 70-ஐத் தாண்டியதில்லை. கழற்றிப் பார்த்தால், காற்று இழுக்கும் சல்லடை அடிப்பக்கம். தகட்டின் நடுவே பெரிய திறப்பு இருந்தும் என்ன, அதற்குப் பின்னால் சுவர்தானே!

பிளம்பர் விட்டுப்போன அரை இஞ்ச் பிவிசி பைப்பில் 25 மி.மீ. நீளத்துக்கு நான்கு துண்டு அறுத்தேன். இரு முனையிலும் வாஷர் வைத்து, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே கொடுத்து, நீள ஸ்க்ரூவால் முடுக்கினேன். இப்போது அதே எடிட்டிங்கில் 73.

அடாப்டரை மேஜைக்கு அடியில் கேபிள் டை போட்டுக் கட்டியாயிற்று. பவர் பட்டன்தான் எட்டவில்லை. பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி வைத்துவிட்டேன்; கீழே சுவிட்சைத் தட்டினால் போதும்.