வெயிலும் தேனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வரும். சித்திரை வருடப்பிறப்புக்கு உடுப்பு எடுக்க வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் சனம் அலைவதும் அதே நாட்களில்தான். செப்டம்பர் தொடக்கத்தில் சூரியன் இன்னொரு தடவை உச்சிக்கு வரும். மற்ற மாதங்களிலும் மேகமில்லாத நாளின் நடுப்பகலில், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் வீரியத்தைச் சொல்லும் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தொடுவது இங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் 11உம் அதற்கு மேலும் ஒரே படிதான், அதைத் தாண்டி வேறு படியே கிடையாது. இப்படிப்பட்ட வெயிலுக்கு முன்னால், "கிறீம் எல்லாம் கெமிக்கல், தேன் பூசினால் போதும்" என்ற அறிவுரை கைப்பேசிக்குக் கைப்பேசி பரவுவதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. தேனிலும் தேன்மெழுகிலும் தோலுக்கு நல்லது நிறையவே உண்டு. ஆனால் வெயிலைத் தடுப்பது அவற்றின் வேலை அல்ல.

தேனை வெயில் மறைப்பாக நினைப்பதுதான் அடிப்படைத் தவறு. தேனில் ஏறக்குறைய 80 வீதம் சர்க்கரை, 17 முதல் 20 வீதம் வரை தண்ணீர். இவை இரண்டும் புற ஊதாக் கதிரை மறிப்பதில்லை. மிஞ்சும் சிறு பங்கில்தான் ஃபிளவனொயிட் போன்ற தாவரப் பொருட்கள் இருக்கின்றன. தேனீக்கள் சேர்க்கும் பிசினான புரோபோலிஸில் அவை இன்னும் அதிகம். இவற்றின் சாற்றைச் செறிவாக்கி, ஆய்வுகூடத்தில் தோல் உயிரணுக்களிலும் எலிகளிலும் சோதித்தபோது கதிரால் வரும் சிதைவு குறைந்தது உண்மைதான். அந்தச் செய்தி வாய் மாறி வாய் மாறி, "தேன் வெயிலைத் தடுக்கும்" என்று ஆகிவிட்டது. போத்தலில் இருந்து எடுத்து முகத்தில் பூசும் தேன் வேறு விஷயம். அது தண்ணீரில் கரையும். கொழும்பின் புழுக்கத்தில் பஸ் நிறுத்தம் வரை நடப்பதற்குள் வியர்வையோடு வழிந்துவிடும்.

சன்ஸ்கிறீன் குப்பியில் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு எண்) 30 என்று போட்டிருந்தால், தோலைச் சுடும் புற ஊதா வகையான யூவிபி கதிரில் சுமார் 97 வீதத்தை அது மறிக்கிறது என்று அர்த்தம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற தடிப்பில் பூசி அளந்த கணக்கு அது. சிலர் தேனும் வேண்டும் சன்ஸ்கிறீனும் வேண்டும் என்று இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசுகிறார்கள். அப்படிக் குழைத்தால் அந்தக் கலவையின் சமநிலை குலையும், பூச்சு மெலியும், குப்பியில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பிறகு பொருளே இல்லை. தேன் பூசத்தான் வேண்டும் என்றால் அதை வேறு நேரத்தில் பூசுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயம் தருவது தேனும் தேசிக்காயும் கலந்த முகப்பூச்சு. கறுத்த இடம் வெளுக்கும் என்று சொல்லித்தான் இதைப் பூசுகிறார்கள். நடப்பது நேர்மாறு. தேசிக்காயில், முக்கியமாக அதன் தோலில் உள்ள எண்ணெயில், ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயில் விழுந்தால், புற ஊதாவின் இன்னொரு வகையான யூவிஏ கதிரோடு சேர்ந்து தோலை எரித்துவிடும். உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளம் போடும். அது ஆறின பிறகு அந்த இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எந்த அழற்சிக்குப் பிறகும் கறுப்பு தங்குவது எளிது என்பதால், பாதிப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும். இரவில் பூசிக் கழுவினால் பரவாயில்லையா என்று கேட்பார்கள். வெயில் இல்லாவிட்டாலும் அந்தப் புளிப்பு தோலை அரிக்கும். தேசிக்காயைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம், வெளியே நின்று தேசிக்காய் பிழிந்து ஜூஸ் போடுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதே எரிவு கையிலும் வரும்.

தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில்தான் உருகும். தேங்காய் எண்ணெய் 25 பாகைக்குள் உருகிவிடுவதால் கொழும்பில் அது உறைவது அபூர்வம். அதனால் வீட்டில் உதட்டுப்பூச்சு செய்கிறவர்கள் இரண்டையும் சேர்க்கிறார்கள். நல்ல வழிதான், உதடு வெடிக்காது. ஆனால் அந்தப் பூச்சு வெயிலுக்குக் காப்பு அல்ல. கீழுதடு வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் வெயில் நேரே விழும் இடம் அது. உதட்டில் வரும் புற்றுநோயும் பெரும்பாலும் கீழுதட்டில்தான் வருகிறது. பகலுக்கு எஸ்.பி.எஃப். போட்ட உதட்டுப்பூச்சை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதன் அடுத்த படி, சிங்க் ஒக்சைட் தூள் வாங்கி, தேன்மெழுகோடு உருக்கிச் சன்ஸ்கிறீனையே வீட்டில் செய்வது. சிங்க் ஒக்சைட் உண்மையிலேயே கதிரைத் தடுக்கும் பொருள். சிக்கல் கலக்குவதில் இருக்கிறது. வீட்டுக் கரண்டியால் எவ்வளவு கிளறினாலும் அது கட்டி கட்டியாக நிற்கும். ஓரிடத்தில் தடிப்பாகவும் பக்கத்திலேயே ஒன்றுமில்லாமலும் பூசப்படும். வெறும் தோலோடு போனால் நிழல் தேடுவோம். சன்ஸ்கிறீன் பூசியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் கிரிக்கெட் மைதானத்தில் பிள்ளையை நாள் முழுக்க நிற்கவிடுவோம். ஆபத்து அந்த நம்பிக்கையில்தான். மெழுகு உருக்குவதென்றால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும்.

புரோபோலிஸ் விஷயத்தில், 'இயற்கை' என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. தொடுகை ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கத் தோல் வைத்தியர்கள் முதுகில் ஒட்டிச் சோதிக்கும் பொருள் வரிசைகளில் இதுவும் ஒன்று. அந்த அளவுக்கு இது ஆட்களுக்கு ஒத்துவராமல் போகிறது. புதிதாக வாங்கிய எந்தத் தேனீப் பொருளையும் முழங்கையின் உட்பக்கத்தில் காசளவு இடத்தில், நாளுக்கு இரண்டு முறை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். இந்த ஒவ்வாமை தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியாது. தேனீ கொட்டி மூச்சுத் திணறியவர்கள் தேனீ விஷம் சேர்ந்த கிறீம் பக்கமே போகக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள், ராணித் தேனீக்கு ஊட்டும் சுரப்பான ராயல் ஜெல்லியைத் தொடாமல் இருப்பது நல்லது.

வெயிலில் சுட்டு வந்த தோலில் உடனே தேனை அப்புவதும் வழக்கமாகிவிட்டது. வைத்தியசாலையில் தீக்காயத்துக்குத் தேன் வைப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சரி, ஆனால் அங்கே வைப்பது கதிரியக்கத்தால் கிருமிநீக்கிய தேன். கட்டுப் போட்டுப் பார்ப்பதும் பயிற்சி பெற்றவர்கள். கடைத் தேனில் கிருமி வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஊட்டக் கூடாது என்பதும், பிள்ளையின் புண்ணில் தடவக் கூடாது என்பதும் இதனால்தான். சீனிப்பாகு கலந்த தேனும் கித்துள் பாணி கலந்த தேனும் சந்தையில் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். சுட்ட தோலுக்கு முதலில் தேவை குளிர்ந்த தண்ணீர், குடிக்கத் தண்ணீர், நிழல். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். காய்ச்சலோ தலைச்சுற்றலோ வந்தால் வைத்தியரிடம் போங்கள்.

தேனை எப்போது பூசலாம்? பொழுது பட்ட பிறகு. தோல் காயமில்லாமல், ஒவ்வாமையும் இல்லாமல் இருந்தால், ஈரமான முகத்தில் மெல்லிசாகப் பூசிப் பதினைந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோல் மெதுமையாக இருக்கும். தேன்மெழுகுப் பூச்சு வெடித்த குதிகாலுக்கும் இரவு உதட்டுக்கும் அருமையானது. பகலில் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை முடிந்தவரை நிழல், இல்லாவிட்டால் குடை, நீளக் கை உடுப்பு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குச் சன்ஸ்கிறீன் எடுத்து, வெளியில் நிற்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசுங்கள். காலி வீதி பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் கண்ணாடி யூவிபியை மறித்தாலும் யூவிஏயில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். முகத்திலோ உதட்டிலோ ஒரு புண் நாலு கிழமை கடந்தும் ஆறாவிட்டால், அதற்கு மேல் எதையும் பூசிப் பார்க்காமல் தேசிய வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவிலோ உங்களுக்குக் கிட்டிய தோல் வைத்தியரிடமோ காட்டுங்கள்.